நொச்சி ஆவியும் பட்டறைத் தூசியும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேலை பார்ப்பவரை விசாரித்தால், "நமக்கு சைனஸ் சார்" என்று முடித்துக்கொள்வார். பாதிப் பேருக்கு அதை எந்த டாக்டரும் சொல்லியிருக்க மாட்டார். சாணைக்கல் தூசி, பெயின்ட் நெடி, பூந்தமல்லிப் பக்கம் மெட்ரோ வேலைப் புழுதி, மிக்ஜாம் புயல் வெள்ளம் புகுந்த வீட்டுச் சுவரில் பூத்த பூஞ்சணம் எல்லாமே மூக்கை அடைக்கும். ஒவ்வாமையால் வரும் அடைப்பும், சைனஸ் அறைகளில் சீழ் கட்டுவதும் ஒன்றல்ல.

நொச்சித் தழை போட்டு ஆவி பிடிப்பதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. கெட்டிச் சளி இளகும், சற்று நேரம் ஆறுதல் கிடைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். குழந்தையைப் போர்வைக்குள் உட்காரவைத்துக் கொதிக்கும் குண்டானை முன்னால் வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். கவிழ்ந்தால் தொடை வெந்துவிடும். கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கற்பூரம் கலந்த எதையும் தடவக் கூடாது. சித்த மருத்துவத்தின் நீர்க்கோவை மாத்திரை இழைத்து நெற்றியில் பற்றுப் போடுவதற்கானது. பெயரைப் பார்த்து விழுங்கிவிடாதீர்கள். அரும்பாக்கம் அரசு இந்திய மருத்துவ மருத்துவமனையில் கேட்டுக்கொண்டு போடலாம்.

வீட்டு வைத்தியங்களில் எனக்கு நம்பிக்கை உள்ளது உப்புநீரால் மூக்கைக் கழுவுவதில்தான். தூசியையும் சளியையும் நேரடியாக வெளியேற்றுகிறது. ஆனால் தண்ணீர் விஷயத்தில் துளியும் அலட்சியம் கூடாது. அமெரிக்காவின் லூசியானாவில் 2011-இல் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர், மூளையைத் தின்னும் அமீபா தொற்றி இறந்தார்கள். கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சலுக்குப் பலர் பலியானது நமக்குத் தெரியும். குடித்தால் ஒன்றும் செய்யாத அந்த உயிரி, மூக்கின் உச்சி வழியே மூளைக்கு ஏறிவிடும். ஆகவே போர்வெல், மெட்ரோ தண்ணீர், கேன் தண்ணீர் எதுவானாலும் சில நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து, லிட்டருக்கு 9 கிராம் உப்புப் போட்டுப் பயன்படுத்துங்கள். கழுவும் குப்பியும் சுத்தமாக இருக்கட்டும்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாளோடு நிறுத்த வேண்டும். தொடர்ந்தால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். வருடக்கணக்கில் சட்டைப்பையில் குப்பியோடு திரிபவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். ஆன்டிபயாட்டிக்கும் அவசரத் தேவையில்லை. பெரும்பாலான சைனஸ் தொற்று வைரஸால் வருவது, பத்து நாளுக்குள் தணிந்துவிடும். செஃபிக்சைம் போன்றவை எச்1 பட்டியல் மருந்துகள். சீட்டில்லாமல் விற்பதே குற்றம்.

பத்து நாள் தாண்டியும் குறையாவிட்டாலும், சற்றே குறைந்து மறுபடி காய்ச்சலோடு ஏறினாலும் டாக்டரைப் பாருங்கள். கண் வீக்கம், பார்வை மங்கல், கழுத்து விறைப்பு தெரிந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு முகம் மரத்தாலோ, மூக்கில் கருப்பாக வடிந்தாலோ கருப்புப் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். 2021 மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கத்தக்க நோயாக்கியது சும்மா அல்ல.

வார விடுமுறையில் மூக்கு திறந்து, வேலைக்குப் போன அன்றே அடைத்துக்கொள்கிறதா? தேதி போட்டு எழுதிவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். வேலையிடக் காற்றுதான் காரணமென்றால் தழையும் உப்பும் எத்தனை நாள் தாங்கும்? தூசி கிளம்பும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்றும் கருவி வைப்பது முதலாளியின் கடமை என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-ஆம் பிரிவே சொன்னது. ஆளுக்கொரு துணி மாஸ்க் கொடுத்துக் கைகழுவுவதற்கு அதில் இடமிருக்கவில்லை. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் செய்யலாம். புகார்தாரர் யாரென்பதை ஆய்வாளர் வெளியிடக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் எழுதப்பட்டிருந்த விதி.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகிறதென்றால், மருந்தகம் முதல் அயனாவரம் மருத்துவமனை வரை சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தால், பிடித்தத் தகுதி இருக்கும்பட்சத்தில், ஆண்டுக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். சான்றிதழை மட்டும் மறக்காமல் வாங்கிவிடுங்கள்.