பார்த்தியரின் பட்டத்துரிமை

பழைய நாணயங்களைக் கொண்டு சரித்திரம் எழுத முயல்வோரைப் பார்த்திய அரசர்களைப் போல் திகைக்க வைத்தவர்கள் சிலரே. கி.மு. 247-ல் அந்த வம்சத்தை ஸ்தாபித்த அர்ஸகன் முதல், கி.பி. 224-ல் போர்க்களத்தில் மாண்ட ஆர்த்தபானஸ் வரை, சிங்காதனம் ஏறியவர்கள் தங்கள் இயற்பெயரை ஒதுக்கிவிட்டு அர்ஸகன் என்னும் பெயரையே தரித்துக்கொண்டார்கள். பெரும்பாலான நாணயங்களில் அந்தப் பெயர் ஒன்றே காணப்படும். எந்த அர்ஸகன் என்று அறியக் கிரேக்க, ரோம ஆசிரியர்களின் நூல்களையும், பாபிலோனிய வானநூலார் களிமண் பலகைகளில் பொறித்து வைத்த குறிப்புகளையும் துணைகொள்ள வேண்டியிருக்கிறது.

இதை வீண் ஆடம்பரமென்று எண்ணற்க. நியாயஸ்தலங்களில் பழகியோருக்கு விளங்கும்படி சொன்னால், அந்தப் பெயரே அவர்களுடைய உரிமைப் பத்திரம். அர்ஸகன் குடும்பத்தானொருவனை முன்னிறுத்தாமல் பார்த்திய அரசனை எதிர்த்து எவனும் வெற்றி பெற முடியாது. ஜனங்களுக்கு அக்குடும்பத்தின் மீது அத்துணைப் பற்று என்று ஸ்திராபோ எழுதியிருக்கிறார். ஆனால் அக்குடும்பத்தில் எவனுக்குப் பட்டம்? மூத்த மகனுக்கே என்ற கட்டளை அங்கே இல்லை. அரச பந்துக்களின் சபை ஒன்று, ஞானிகளும் மாகியர் என்னும் புரோகிதர்களும் கூடிய சபை மற்றொன்று. இவ்விரண்டிலிருந்தும் அரசர் நியமிக்கப்பட்டனர் என்பதும் அவர் தரும் செய்தியே. தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்கு முடி சூட்டும் உரிமை சூரேன் குடும்பத்துக்குப் பரம்பரையாக உரியது. அந்த முடியோ, நெற்றியைச் சுற்றிப் பின்னால் முடிச்சிடும் ஒரு துணிப் பட்டை. 'பட்டம் கட்டுதல்' என்று நாம் வழங்கும் சொல் அவர்கள் செய்கைக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது.

இந்த ஏற்பாட்டால் நன்மை விளையாமற் போகவில்லை. முதலாம் பிராத்தேஸுக்குப் புதல்வர் பலர் இருந்தனர். அவர்களை விடுத்து, திறமையாளனென்று கண்ட தன் சகோதரன் மித்ரதாதேஸிடம் ராஜ்யத்தை ஒப்புவித்தான். அந்த மித்ரதாதேஸே மீதியாவை வென்று, கி.மு. 141-ல் பாபிலோனியாவையும் கைப்பற்றி, ஒரு சிற்றரசைச் சாம்ராஜ்யமாக்கினான். கி.மு. முதல் நூற்றாண்டில் குழப்பம் மிகுந்த காலத்தில், எண்பது வயதுக் கிழவரான சினத்ருகேஸைக் கொண்டுவந்து அரசராக்கினர். அவரும் ஏழாண்டுகள் ஆண்டார்.

ஆயினும் அர்ஸக இரத்தம் ஓடும் ஒவ்வொருவனும் பட்டத்துக்குத் தகுதியுடையவன் என்றால், அரசனுக்கு அவன் சொந்த வீடே பகைவன் பாசறையாகிவிடுகிறது. கி.மு. 57-ல் மூன்றாம் பிராத்தேஸை அவன் மக்கள் இருவர் கூடிக் கொன்றனர். பின்பு அவ்விருவரும் தம்முள் பொருதனர். ஒரோதேஸ் தன் சகோதரனைத் தன் கண் முன்னேயே கொல்வித்தான். கி.மு. 53-ல் கர்ரேயில் கிராஸஸின் ரோமானியப் படையை நிர்மூலமாக்கிய சேனாபதி சூரேனையும் அவ்வரசன் பொறாமையால் மாய்த்தான். அவனுக்கு வந்த முடிவு அதனினும் கொடியது. தன் முப்பது புதல்வருள் அவன் பொறுக்கி எடுத்த நான்காம் பிராத்தேஸ், நீர்க்கோவையால் வருந்திய தந்தைக்கு நஞ்சூட்டினான். புளூடார்க்கு கூறுவது உண்மையாயின் அந்த நஞ்சே நோய்க்கு மருந்தாகிவிட்டது! நோயாளி தேறுவதைக் கண்ட மகன் கழுத்தை நெரித்துக் காரியத்தை முடித்தான். பிறகு சகோதரர்களைத் தீர்த்தான். தனக்குப் பதிலாக எவனையும் அரசனென்று சொல்ல இடமிராதபடி, வயது வந்த தன் மகனையும் கொன்றான்.

இங்கேதான் ரோமாபுரி உள்ளே நுழைகிறது. அகஸ்தஸ் சக்கரவர்த்தி இந்தப் பிராத்தேஸுக்கு மூஸா என்னும் இத்தாலிய அடிமைப் பெண்ணைப் பரிசாக அனுப்பினார். அவள் ராணியானாள். கி.மு. 10-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசன் தன் மற்றப் புதல்வர் நால்வரையும் ரோமாபுரிக்கு அனுப்பிவைத்தான். தன் மகனுக்குப் போட்டியில்லாமற் செய்ய மூஸா செய்த சூழ்ச்சியே அது என்பது ஜோஸிபஸின் கூற்று. எக்காரணமாயினும் அனுப்பியவன் தோல்வியுற்று அனுப்பவில்லை. வீட்டிலிருந்த வாளைக் கள்ளன் கையில் கொடுத்துக் காவல் வைத்தான் என்றே சொல்ல வேண்டும். அகஸ்தஸ், பார்த்தியாவிலிருந்து வந்த பிணையாளரைக் களியாட்ட அரங்கின் நடுவே நடத்திச் சென்று ஜனங்களுக்குக் காட்டித் தமக்குப் பின்வரிசையில் அமர்த்தினாராம். கி.மு. 2-ல் மூஸாவும் அவள் மகனும் பிராத்தேஸைக் கொன்று, இருவர் தலையையும் நாணயத்தில் பொறித்துச் சில ஆண்டுகளே ஆண்டு ஒழிந்தனர்.

அடுத்து வந்தவனையும் கொன்ற பின், பார்த்தியப் பிரபுக்களே ரோமாபுரிக்குத் தூது அனுப்பி ஓர் அரசனைக் கேட்டனர். அகஸ்தஸ் மனமுவந்து, பிணையாளருள் மூத்தவனான வோனோனேஸைக் கொடுத்தார். ஏறக்குறைய கி.பி. 8-ல் அவன் வந்தபோது நாடு மகிழ்ந்தது; மகிழ்ச்சி விரைவில் வெட்கமாக மாறிற்று. அவனுடைய குற்றங்கள் எவையென்று தாஸிதஸ் ஒரு ஜாபிதாவே தருகிறார். வேட்டைக்கு அவன் செல்வது அரிது, குதிரையில் விருப்பமில்லை, பல்லக்கில் ஏறி வீதி வந்தான், தன் நாட்டு விருந்துகளை அருவருத்தான், வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களையும் முத்திரை வைத்துப் பூட்டினான். இவை போகட்டும். எவரும் எளிதில் சென்று காணலாம், இன்சொல் கூறுவான் என்ற நற்குணங்களும் அவனுக்கு விரோதமாயின. முன்னோரிடம் காணாத குணமாதலால், நல்லதும் கெட்டதும் அந்நியச் சரக்கென்று ஒருங்கே வெறுக்கப்பட்டன. இரத்தத்தால் அவன் அர்ஸகனே. அதை எவரும் மறுக்கவில்லை. கொடுத்த கையைத்தான் அவர்கள் பார்த்தார்கள். ரோமானிய மாகாணங்களுக்கு அதிகாரியை நியமிப்பதுபோல் அர்ஸகர் சிங்காதனமும் வழங்கப்படுகிறதே என்று பிரபுக்கள் குமுறினர். கேட்டு வாங்கியவர்கள் தாமே என்பதை மறந்துவிட்டார்கள் போலும். அர்ஸக மூதாதையர் கிளம்பிவந்த தாஹேயரிடையே வளர்ந்த ஆர்த்தபானஸை அழைத்து அரசனாக்கினர். வோனோனேஸ் நாடு விட்டு ஓடி, கி.பி. 19-ல் ரோமரின் காவலிலேயே இறந்தான்.

அதன் பின்னும் ரோமாபுரி அந்த வித்தையைக் கைவிடவில்லை. கி.பி. 35-ல் திபேரியஸ், பிணையாளருள் மற்றொருவனை அனுப்பினார். அவன் வழியில் சிரியாவில் தங்கி, பல்லாண்டு பழகிய ரோமானிய நடையை ஒழித்துப் பார்த்தியனாக வாழ முயன்றான். அந்த முயற்சியைத் தேகம் தாங்காமல் மாண்டான். அடுத்து அனுப்பப்பட்ட திரிதாதேஸுக்கு தெஸிபோனில் சூரேன் முறைப்படி பட்டம் கட்டியும் பயனில்லை. அதிருப்தியுற்ற பிரபுக்கள் ஹிர்கானியாவுக்குச் சென்று பார்த்தபோது, ஆர்த்தபானஸ் அழுக்கேறிய உடையுடன் வில்லால் வேட்டையாடி வயிறு வளர்த்துக்கொண்டிருந்தான். ஜனங்களின் அனுதாபத்தைப் பெறுவான் வேண்டி, அந்த உடையைக் களையாமலே படை நடத்தித் திரும்பினான். திரிதாதேஸ் ஓடிவிட்டான். கி.பி. 49-ல் கிளாடியஸ் அனுப்பிய மெஹர்தாதேஸை, இவன் அர்ஸகனல்லன், அந்நியன், ரோமன் என்று இகழ்ந்து, உயிரை விட்டுக் காதுகளை மட்டும் அறுத்தனுப்பினான் கோதார்ஸேஸ்.

நோய்க்கு மருந்து கண்டவன் கி.பி. 51-ல் பட்டமேறிய வொலகேஸஸ். சகோதரரைக் கொல்லாமல், ஒருவனுக்கு மீதியா அத்ரபாத்தேனையும் இன்னொருவனுக்கு ஆர்மீனியாவையும் பங்கிட்டான். ஆர்மீனியப் பட்டத்தை நீரோவின் கையால் பெற்றுக்கொள்வதென்று உடன்பாடாகி, கி.பி. 66-ல் ரோமாபுரியில் அச்சடங்கு நடந்தது.

நமது துணைக்கண்டத்திலும் ஒரு கிளை இருந்தது. பெஷாவருக்கு அருகே தக்த்-இ-பாஹியில் கிடைத்த கல்வெட்டு, கொந்தபர்னேஸ் என்னும் பார்த்திய அரசனின் 26-ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கிறது. தோமையர் வரலாற்றில் வரும் அரசன் இவனே. ஆனால் சிந்து நதி முகத்துவாரத்தைப் பற்றி 'பெரிப்ளுஸ்' எழுதிய கிரேக்க வணிகர், அங்கே ஆண்ட பார்த்தியர் ஒருவரையொருவர் ஓயாமல் துரத்திக்கொண்டிருந்ததாகவே சொல்கிறார். பழக்கம் கடல் வரை கூடவே வந்துவிட்டது!

கி.பி. 116-ல் திராஜன் தெஸிபோனைப் பிடித்து, பார்த்தமஸ்பாதேஸ் என்பவனுக்குத் தம் கையாலேயே முடி சூட்டி, பார்த்தியருக்கு அரசன் அளிக்கப்பட்டான் என்று நாணயமும் அடித்தார். ரோமானியப் படை திரும்பியது. அளிக்கப்பட்டவனைப் பார்த்தியர் வெளியே தள்ளினர்.

இறுதியில் வம்சத்தை அழித்தது ரோமாபுரியன்று. ஆர்த்தபானஸும் அவன் சகோதரன் வொலகேஸஸும் ஆளுக்கொரு பக்கம் நாணயம் அடித்துப் பொருதுகொண்டிருந்த வேளையில், பாரஸீகத்துச் சிற்றரசன் அர்தஷீர் எழுந்தான். அவன் அர்ஸகன் என்ற பெயரைக் கேட்டு வாங்கவும் இல்லை. அவன் மகன் ஷாபூரின் கல்வெட்டில், அர்தஷீரின் சபையிலிருந்த பிரபுக்களின் பெயர்களோடு சூரேன் குடும்பத்தின் பெயரும் காணப்படுகிறது.