பழைய தளங்களும் புதிய உலாவிகளும்

1990ஆம் ஆண்டு டெக்னோபார்க் தோன்றிய திருவனந்தபுரத்தில் வாழும் நமக்குக் கணினி புதிதன்று. பயணச் சீட்டு முதல் ஊரிலுள்ள பெற்றோருக்கு வேண்டிய சான்றிதழ் வரை இணையதளத்தின் வழியே பெறுகின்றோம். ஆயினும் நேற்றுவரை இயங்கிய தளம் இன்று அசையாது நிற்பதுண்டு. கணினி கெட்டதென்றும், தமக்கு அது கைவரவில்லையென்றும் முதியோர் நொந்துகொள்கின்றனர். பல வேளைகளில் குற்றம் அவர்களுடையதன்று.

தளங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி 1995ஆம் ஆண்டு பிரெண்டன் ஐக் என்பவரால் பத்தே நாட்களில் முதல் வடிவம் பெற்றது. அதில் இல்லாத வசதிகளைப் பிறர் எழுதித் தொகுத்தனர். அத்தொகுப்புகளை நூலகம் என்பர். 2006ஆம் ஆண்டு வெளிவந்த ஜேகுவெரியும் மூடூல்ஸும் அவ்வகையின. தளம் அமைத்தவர் நூலகத்தைப் பொருத்திவிட்டு அகன்றுவிடுவார். உலாவியோ சில வாரங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பெறும். பிணக்கு எழுவது இங்கேதான்.

ஒரு சான்று காண்போம். பட்டியலுக்குள் பட்டியலாக அடங்கியிருப்பனவற்றை ஒரே வரிசையாக்கும் கட்டளை ஒன்றைச் சேர்க்க, மொழியின் விதிகளை வகுக்கும் குழு எண்ணியது. ‘ஃபிளாட்டன்’ என்று பெயரும் இட்டது. 2018 மார்ச்சில் ஃபயர்பாக்ஸின் சோதனைப் பதிப்பில் அது சேர்ந்ததும், பலர் நாடும் தளம் ஒன்று பழுதுற்றது. மூடூல்ஸ் அதே பெயரில் தன் கட்டளையை முன்னரே வைத்திருந்தது. தன் கட்டளைகளை எண்ணி வேறோரிடத்தில் படியெடுப்பது அதன் வழக்கம். மொழிக்கே உரிய பெயர்கள் அவ்வெண்ணிக்கையில் தென்படா. ஆகவே அக்கட்டளை விடுபட்டது. அதை நம்பிய தளமும் நின்றது.

பழையது கெட்டால் கெடட்டும் என்று அக்குழு இருக்கவில்லை. 2018 மே மாதத்தில் புதிய கட்டளையின் பெயரையே ‘ஃபிளாட்’ என மாற்றிற்று. கைவிடப்பட்ட தளங்களைத் திருத்த ஆளிராது. அவற்றை நம்பியவரோ பலர். ஆதலின் புதியது வழிவிட்டது.

உலாவிகளும் இவ்வாறே பொறுமை காட்டுகின்றன. குறிப்பிட்ட சில தளங்கள் இயங்குதற்கென்றே சிறு ஒட்டுகளை ஃபயர்பாக்ஸ் தன்னுடன் கொண்டுவருகிறது. ஆனால் இப்பொறுமைக்கும் எல்லையுண்டு. பக்கத்தில் நிகழும் மாறுதல்களை அறிவிக்கும் ‘மியூட்டேஷன் ஈவென்ட்ஸ்’ என்னும் பழைய ஏற்பாட்டை, முன்னறிவிப்புத் தந்து, 2024ஆம் ஆண்டு குரோம் நீக்கிவிட்டது. பழைய நூலகத்திலுள்ள பாதுகாப்பு ஓட்டைகளையும் உலாவி அடைத்துத் தராது. அது தளத்தை நடத்துவோர் கடமை.

எனவே தளம் ஒன்று நின்றால் வேறோர் உலாவியில் திறந்து பார்ப்போம்; நடத்துவோருக்கும் தெரிவிப்போம். அதற்காக உலாவியைப் பழைய பதிப்பிற்கு மாற்றுதல் கூடாது. அது திருடனுக்குக் கதவு திறப்பதாகும். கணினித் துறையிலுள்ள நம் இளைஞர்கள், தமக்குத் தெரிந்த சங்கங்கள், கோயில்கள் ஆகியவற்றின் தளங்களில் எந்த நூலகம் எத்தனை ஆண்டுப் பழமையுடன் கிடக்கின்றதென ஒரு விடுமுறை நாளில் பார்த்துத் தருவாராயின், அது நம் சமூகத்திற்குப் பெருந்தொண்டாகும்.