சிங்கப்பூர் – நியூயார்க்: 15,300 கிலோமீட்டர், ஒரே பறப்பு

சிங்கப்பூருக்கும் நியூயார்க்கிற்கும் இடையிலான வான்வழித் தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். உலகின் மிக நீண்ட நேரடி விமானப் பயணங்களில் இதுவும் ஒன்று. பூமி உருண்டை என்பதால், இரு ஊர்களையும் இணைக்கும் மிகக் குறுகிய பாதை பெருவட்டத்தின் மீது அமைகிறது. இவ்விரு நகரங்களும் உலகின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், அந்தப் பாதை வடதுருவத்தை ஒட்டிச் செல்கிறது.

ஆனால் விமானம் எப்போதும் அந்தக் கோட்டிலேயே பறப்பதில்லை. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளினால் நேரமும் எரிபொருளும் மிச்சமாகும். அதனால் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் பசிபிக் கடலைக் கடந்து சுற்றிச் செல்கிறது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் கணக்கிட்டால் 17 மணி நேரம் போதும். ஓடுபாதைக்குச் செல்வது, மேலேறுவது, இறங்குவது, சுற்றுப்பாதை எல்லாம் சேரும்போது பயண நேரம் 18 மணியைத் தாண்டுகிறது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018-இல் இச்சேவையில் இறக்கிய ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையைக் குறைக்க 161 இருக்கைகளே வைக்கப்பட்டன. சாதாரண எகானமி வகுப்பு கிடையாது.

கடிகாரக் கணக்கு தனி. கோடையில் நியூயார்க் நேரம் சிங்கப்பூரைவிட 12 மணி பின்தங்கியிருக்கும். நண்பகல் 12 மணிக்குப் புறப்பட்டு பதினெட்டரை மணி நேரம் பறந்தவர், அதே நாள் மாலை 6.30-க்கு அங்கே இறங்குவார். குளிர்காலத்தில் வித்தியாசம் 13 மணியாகிறது.