மெய்நிகர்க் கணினியும் கம்பித் தொடர்பும்

கண்டி மாநகரின் வடகிழக்கே பாத்ததும்பறைப் பகுதியில் அமைந்த ஊர் மடவளை. அதற்கு அணித்தாக, மகாவலி கங்கையின் குறுக்கே பொல்கொல்லை அணைக்கட்டு நிற்கின்றது. 1976ஆம் ஆண்டு முதல் ஆற்று நீரின் ஒரு பகுதி இவ்வணையினின்றும் திருப்பப்பெற்று, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்னிலையத்தை அடைந்து, பின்னர் வடக்கேயுள்ள வறண்ட நிலங்களை நோக்கிச் செல்கின்றது. கடைமடையில் நீர் வாராதொழியின் அறிவுடையோர் வயல்வரப்பை இடித்துக் கட்டத் தொடங்கார். அணையில் நீர் உண்டோ, சுரங்க வாயில் திறந்துளதோ, மின்னிலையத்தை நீர் கடந்ததோ, கால்வாயில் அடைப்பு யாதும் உளதோ என ஒன்றன்பின் ஒன்றாக நோக்கி, நீர் எதுவரை வந்தது, எங்கே நின்றது என்பதனையே முதற்கண் தெளிவர். கணினிகளுக்கிடையே செய்தி செல்லும் வழியும் இத்தகையதே. ஆயினும், மடிக்கணினியொன்றினுள் அமைந்த மெய்நிகர்க் கணினிக்குத் தொடர்பு அற்றுப்போகும்பொழுது, மாணவர் பலர் இந்நெறியை மறந்து, கையிற் பட்டதையெல்லாம் மாற்றி இடர்ப்படுகின்றனர்.

மெய்நிகர்க் கணினி யாதெனின், ஒரு கணினியின் உள்ளே மென்பொருளாற் சமைக்கப்பட்ட மற்றொரு கணினி என்க. அதற்கு இடங்கொடுக்கும் உண்மைக் கணினியைத் தாய்க்கணினி எனல் பொருந்தும். தாய்க்கணினியின் நினைவகத்திலும் வட்டிலும் ஒரு பங்கினைப் பெற்று, தனக்கென ஒரு பணிசெயல் முறைமையுடன் அது இயங்கும். இக்கருத்துப் புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1960களிலேயே இதனைப் பெருங்கணினிகளில் நடைமுறைப்படுத்தி, 1972இல் வி.எம். 370 என்னும் முறைமையாக வெளியிட்டது. 1999இல் வி.எம்.வெயார் நிறுவனத்தின் மென்பொருள் இவ்வசதியைச் சாதாரண மேசைக் கணினிகளுக்கும் கொணர்ந்தது. 2007இல் வெளிவந்த வேர்ச்சுவல்பொக்ஸ் என்னும் மென்பொருளை, விலை கொடாமலே எவரும் பயன்கொள்ளலாம்.

மாணவருக்கு இதனால் விளையும் நன்மை பெரிது. இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு 1990ஆம் ஆண்டில் மின்னஞ்சற் சேவையாகத் தொடங்கியது. பொதுமக்களுக்கான வணிக இணையச் சேவை 1995இல் வந்தது. அந்நாளில் வலையமைப்பைப் பயில விரும்பியோர் ஆய்வுகூடமொன்றின் வாயிலிற் காத்திருத்தல் வேண்டும். இந்நாளிலோ, மூன்று நான்கு கணினிகளை விலைக்கு வாங்க இயலாத வீட்டுப் பிள்ளையும், ஒரே மடிக்கணினியினுள் மூன்று நான்கு மெய்நிகர்க் கணினிகளை நிறுவி, ஒரு சிறு வலையமைப்பையே அமைத்துப் பயிலலாம். அம்மாணவனுக்கு அதுவே ஆய்வுகூடம். அதன் தொடர்பு அறுமாயின் ஆய்வுகூடம் பூட்டப்பட்டதற்கு ஒப்பாம். காரணம் அறியாது அனைத்தையும் அழித்து மீள நிறுவுவோன், பல வாரத்து உழைப்பையும் உடன் அழித்துவிடுகின்றான்.

இத்தொடர்பின் இயல்பை அறிதற்கு ஈதர்நெற் என்னும் பெயரின் வரலாறு துணைசெய்யும். ஒளி அலைகள் பரவுதற்கு எங்கும் நிறைந்த ஈதர் என்னும் ஊடகம் ஒன்று உண்டென 19ஆம் நூற்றாண்டின் அறிவியலாளர் கருதினர். 1887இல் மைக்கல்சன், மோர்லி என்போர் செய்த சோதனையில் அதன் சுவடு காணப்படவில்லை. 1973இல் சீரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுநிலையத்தில் றொபேட் மெற்காஃப் என்பார் கணினிகளை இணைக்கும் கம்பி முறையொன்றை வகுத்தபொழுது, இல்லாத அவ்வூடகத்தின் பெயரையே உள்ள கம்பிக்குச் சூட்டினார். மெய்நிகர்க் கணினியில் நிலைமை மறுதலையாயிற்று. ஆண்டுப் பெயர் உண்டு, கம்பி இல்லை. தாய்க்கணினி கம்பியின்றி வைஃபை வழியே தொடர்புற்றிருப்பினும், உள்ளேயுள்ள கணினி பெரும்பாலும் 'கம்பித் தொடர்பு' என்றே காட்டும். ஏனெனில் அதற்கு அளிக்கப்பட்டிருப்பது மென்பொருளாலாகிய ஈதர்நெற் அட்டையும், மென்பொருளாலாகிய கம்பியுமே. ஆகவே, 'இணைக்கப்பட்டுள்ளது' என அதன் திரை கூறுவது உட்கம்பியைப் பற்றிய கூற்று மாத்திரமே. சுவரிலுள்ள உண்மைக் கம்பியைப் பற்றி அஃது ஒன்றும் அறியாது. இவ்விரு கம்பிகளையும் வேறுபிரித்து உணர்தலே பழுதறிதலின் முதற்படியாகும்.

உட்கம்பி எங்கே சென்று முடிகின்றது என்பது மூவகைப்படும். முதலாவது, முகவரி மாற்று முறை. விடுதி மாணவர் எழுதும் கடிதங்களெல்லாம் விடுதியின் முகவரியிலேயே சென்று, மறுமொழி வரும்பொழுது பொறுப்பாளர் தம் பதிவேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்ப்பிப்பது போன்றது இது. வெளியே காணப்படுவது தாய்க்கணினியின் முகவரி ஒன்றே. எவரும் கேளாமல் வெளியிலிருந்து ஒரு கடிதம் வருமாயின், அஃது யாருக்குரியதெனப் பொறுப்பாளர் அறியார். அவருக்கு முன்னரே சொல்லிவைத்தல் வேண்டும். அதுவே துறை முன்செலுத்தல் எனப்படுவது. இரண்டாவது, பால முறை. இதில் ஒவ்வொரு மெய்நிகர்க் கணினியும் வீதியோரத்தில் தனக்கென அஞ்சற்பெட்டி வைத்தாற்போல, வெளி வலையமைப்பில் தனி முகவரி பெற்று நிற்கும். மூன்றாவது, தாய்க்கணினியோடு மாத்திரம் பேசும் முறை. இதில் வெளியுலகுக்கு வழியே இல்லை. வழியின்மை இங்கே பழுதன்று, அமைப்பே ஆகும்.

இனிப் பழுதறியும் நெறியை நோக்குதல் தகும். காண்டல், கருதல், உரை என நம் முன்னோர் அளவைகளை வகுத்தனர். 'இணைக்கப்பட்டுள்ளது' என்னும் திரைமொழி உரையளவை போன்றது. சொல்லியவர் அறிந்து சொன்னாரோ என்பதைப் பொறுத்தே அதன் பெறுமதி அமையும். முகவரியைப் பார்த்தலும், 'பிங்' என்னும் கட்டளையால் ஓர் இடத்துக்குச் செய்தி அனுப்பி மறுமொழி பெறுதலும் காண்டல். அவற்றினின்றும் பழுதின் இடத்தை உய்த்துணர்தல் கருதல்.

முதற்கண் ஆராயத்தக்கது தாய்க்கணினியே. அதற்கே வெளித்தொடர்பு இல்லையெனின் உள்ளேயுள்ள கணினியைத் தொடுதல் வேண்டா. கம்பியின் முனையிலுள்ள சிறு விளக்கு ஒளிர்கின்றதா, வேறொரு நற்கம்பியை மாட்டினால் நிலைமை மாறுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். செப்புக் கம்பி வழி ஈதர்நெற்றுக்கு 100 மீற்றர் எல்லையாதலால், நெடுந்தூரம் இழுத்த கம்பியும் ஐயத்துக்குரியதே.

தாய்க்கணினி நலமுற்றிருப்பின், அடுத்து நோக்கற்பாலது உட்கம்பி. மெய்நிகர்க் கணினியின் அமைப்புப் பக்கத்தில் வலையமைப்பு அட்டை இயக்கப்பட்டுள்ளதா, கம்பி இணைக்கப்பட்டது என்னும் அடையாளம் இடப்பட்டுள்ளதா என்று காண்க. பழைய பணிசெயல் முறைமைகள் சிலவற்றிற்குப் புதுவகை அட்டையை இயக்கும் மென்பொருள் இராது. அந்நிலையில் வேறுவகை அட்டையைத் தெரிவு செய்தல் வேண்டும்.

மூன்றாவது, முகவரி. இது பெருஞ்சான்று. முகவரி 169.254 எனத் தொடங்குமாயின், முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சேவையிலிருந்து மறுமொழி கிடையாமையால் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளின் முகவரி மாற்று முறையில் வழக்கமாகக் கிடைப்பது 10.0.2.15 என்பது. அது கிடைத்திருப்பின் உட்கம்பி செம்மையுற்றது என்பது ஒருதலை. 192.168.56 எனத் தொடங்குமாயின், கணினி பெரும்பாலும் தாய்க்கணினியோடு மாத்திரம் பேசும் முறையில் உள்ளது என உணரலாம். இரண்டு மெய்நிகர்க் கணினிகளுக்கும் 10.0.2.15 என்னும் ஒரே முகவரி இருத்தலைக் கண்டு சிலர் மயங்குவர். முகவரி மாற்று முறையில் ஒவ்வொன்றும் தனித்தனி அறையில் இருப்பதால் அங்கே மோதல் இல்லை. ஆனால் அதே காரணத்தால் அவை ஒன்றையொன்று காணவும் மாட்டா. அவை தம்முட் பேசுதற்குப் பொதுவான உள்வலையமைப்பு ஒன்றில் இரண்டையும் சேர்த்தல் வேண்டும். பால முறையிலோ நிலைமை வேறு. ஒரு கணினியைப் படியெடுத்து மற்றொன்றை ஆக்கியபொழுது அட்டையின் வன்பொருள் முகவரியும் மாறாதிருந்தால், ஒரே பெயரில் இருவர் நிற்பதுபோல் இரண்டும் இடர்ப்படும்.

நான்காவது, நுழைவாயில். மேற்கூறிய மென்பொருளில் அதன் முகவரி 10.0.2.2. ஐந்தாவது, வெளியேயுள்ள ஓர் இடத்தை எண் முகவரியால் அழைத்துப் பார்த்தல். ஆறாவது, அதே உலகைப் பெயரால் அழைத்தல். எண்ணால் அழைக்க மறுமொழி வந்து, பெயரால் அழைக்க வாராதாயின், வழி நலமே; பெயரை எண்ணாக மாற்றித்தரும் ஆள்களப் பெயர்ச் சேவையிலேயே பழுது. ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மறுமொழி வருதல் வழியுண்மைக்குச் சான்றாகும். வாராமை வழியின்மைக்கு முடிந்த சான்றாகாது. காவற்சுவர் மென்பொருள்கள் 'பிங்' செய்தியை மாத்திரம் தடுத்து, ஏனையவற்றை விடுதலும் உண்டு. புகை கண்ட இடத்தில் நெருப்புண்டு எனலாம். புகை காணாத இடத்திலெல்லாம் நெருப்பில்லை எனல் ஆகாது.

மடிக்கணினிக்கே உரிய பழுது ஒன்று தனியே கூறத்தக்கது. மடவளையில் வீட்டில் வைஃபை வழியே பயின்ற மாணவன், மெய்நிகர்க் கணினியை நிறுத்தாது உறங்கவைத்து, மறுநாள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் சென்று, அங்கே கம்பியை மாட்டி எழுப்புகின்றான் எனக் கொள்க. பால முறை முன்னாளில் வைஃபை அட்டையோடு பிணைக்கப்பட்டது; கம்பி அட்டைக்கு அது தானே மாறிவிடும் எனக் கொள்ளுதல் ஆகாது. உறங்கி எழுந்த கணினியோ தான் இன்னும் மடவளையிலேயே இருப்பதாக எண்ணி, வீட்டில் பெற்ற பழைய முகவரியைப் பற்றிக்கொண்டிருக்கும். பாலத்தைச் சரியான அட்டைக்கு மாற்றி, உட்கம்பியை ஒருமுறை கழற்றி மாட்டினால், புதிய முகவரியை அது கேட்டுப் பெறும். யூ.எஸ்.பி. வழியே கம்பி மாட்டும் மெல்லிய மடிக்கணினிகளில், அந்த இணைப்பியைப் பொருத்திய பின்னரே மெய்நிகர்க் கணினியைத் தொடங்குதல் நன்று.

கல்வி நிலையங்களின் ஆளிகள் சில, ஒரு துறையில் ஒரு வன்பொருள் முகவரியையே ஏற்குமாறு அமைக்கப்பட்டிருக்கும். ஆங்குப் பால முறை இயங்காமை பழுதன்று; காவல். அதனைக் கடக்க வழிதேடுதல் முறையாகாது. முகவரி மாற்று முறையைக் கைக்கொள்ளலாம். அன்றேல் வலையமைப்புப் பொறுப்பாளரிடம் அனுமதி பெறலாம். இக்காவல் வேண்டியதன் காரணமும் உண்டு. பயிற்சிக்காக மெய்நிகர்க் கணினியொன்றில் முகவரி வழங்கும் சேவையை நிறுவிய மாணவன், அதனை அறியாமையாற் பாலத்தில் இணைப்பானாயின், அயலிலுள்ள கணினிகளுக்கெல்லாம் அது தவறான முகவரிகளை வழங்கிவிடும். ஒருவன் மடிக்கணினியினுள் நிகழ்ந்த பிழையால் ஒரு மண்டபமே தொடர்பிழந்து நிற்கும். இத்தகைய பயிற்சிகளை உள்வலையமைப்பில் மாத்திரம் செய்தலே கடன்.

இவையனைத்திற்கும் அடிப்படையாகவுள்ள விதி ஒன்றே: ஒரு வேளையில் ஒன்றை மாத்திரம் மாற்றி, விளைவை நோக்கிக் குறித்துக்கொள்ளல் வேண்டும். இஃது உளதாயின் அஃது உளது, இஃது இலதாயின் அஃது இலது என இருவழியானும் ஒத்துவந்த பின்னரே காரணம் துணியப்படும் என்பது தருக்க நூலோர் கொள்கை. ஐந்தினை ஒருங்கே மாற்றியவனுக்குத் தொடர்பு மீண்டு வரினும் அறிவு வாராது. மறுமுறை பழுதுறும்பொழுது அவன் முன்போலவே திகைப்பான். படிப்படியாக நோக்கியவனோ, தன் ஆய்வுகூடத்தின் திறவுகோலைத் தன் கையிலேயே வைத்திருப்பான்.