மோப்பமும் மெய்ம்மையும்

நாயைப் பற்றித் தமிழன் கொண்டுள்ள கருத்து இருவகைப்பட்டது. இழிவுக்கு எல்லை கூற வேண்டுமாயின் அவன் நாயையே சுட்டுவான். மணிவாசகப் பெருமானும் இறைவன் முன் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும் இடங்களில் 'நாயேன்' என்றே சொல்லிக்கொள்கிறார். நன்றிக்கு எல்லை கூற வேண்டுமாயினோ, அங்கும் நாயே வந்து நிற்கிறது. பழகிய பாகனையே கொல்லும் யானை. எறிந்த வேல் உடம்பிலே கிடக்கவும் வாலைக் குழைக்கும் நாய். இவ்விரண்டையும் ஒப்பிட்டு, நாய் போன்றாரின் நட்பையே கொள்க என்கிறது நாலடியார். வைரவருக்கு வாகனம் நாய். தருமனோடு இறுதிவரை நடந்ததும் நாயே.

இப்பெருமைகளெல்லாம் அதன் நெஞ்சைப் பற்றியன. மூக்கைப் பற்றியன அல்ல. அந்த மூக்கோ, மனிதன் இதுவரை செய்த கருவிகள் பலவற்றை நாணச் செய்வது. மண்ணுக்குள் மறைந்த கண்ணிவெடியையும், இடிபாட்டினுள் துடிக்கும் உயிரையும், புதைந்து போன உடலையும் தேடுவதற்கு இன்று உலகம் அதன் துணையை நாடுகிறது. அத்துணையை நாம் எவ்வாறு பெறுகிறோம்? எந்த அளவுக்கு அதனை நம்பலாம்? தேடுதல் என்ற சொல்லுக்கே தனிப்பட்ட பொருளும் துயரமும் ஏறியிருக்கும் மட்டக்களப்பு மண்ணிலே இவ்வினாக்கள் வெறும் பொழுதுபோக்கு ஆகமாட்டா.

மூக்கின் அமைப்பு

மனிதனுடைய மூக்கிலே மணத்தை உணரும் உயிரணுக்கள் ஏறத்தாழ 50 இலட்சம் என்பர். நாய்க்கோ, இனத்துக்கேற்ப, அவை 20 கோடிக்கும் மேற்படும். எண்ணிக்கை மட்டும் காரணமன்று. நாய் உள்ளிழுக்கும் காற்று மூக்கினுள்ளே இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி நுரையீரலை நோக்கிச் செல்ல, சிறுபகுதி மணமறியும் பின்னறைக்குத் தனிவழியாகப் போய்ச் சேர்கிறது. வெளிவிடும் மூச்சோ நாசித் துவாரங்களின் பக்கப் பிளவுகள் வழியே செல்வதால், புதிதாக வரும் மணத்தை அது கலைப்பதில்லை. ஒரு விநாடியிலே ஐந்து முறையளவில் நாய் முகர வல்லது.

மனித உடம்பிலிருந்து தோலின் நுண்ணிய துகள்கள் ஓயாமல் உதிர்கின்றன. அத்துகள்களும் வியர்வையும் அவற்றிலே வாழும் நுண்ணுயிர்களும் சேர்ந்து, ஒவ்வொருவருக்கும் உரிய தனிமணத்தை ஆக்குகின்றன. நாம் நடந்த வழியெல்லாம் நம்மை நாமே சிந்திக்கொண்டு செல்கிறோம் எனலாம். நாய் அச்சிந்தலைப் பொறுக்கிச் செல்கிறது.

காற்றை அறிதல்

மணம் காற்றின் மேல் ஏறி வருவது. ஆகவே நாயைப் பழக்குவோன் முதலிலே காற்றைப் பழக வேண்டும். இவ்வகையிலே கல்குடாக் கடற்கரை ஒரு நல்ல பள்ளிக்கூடம். பகலிலே கடலிலிருந்து கரைக்கும், இரவிலே கரையிலிருந்து கடலுக்கும் காற்று மாறி வீசும். வடக்கிருந்து வாடையும், கிழக்கிருந்து கொண்டலும், தெற்கிருந்து சோளகமும், மேற்கிருந்து வெக்கையோடு கச்சானும் தத்தம் காலங்களிலே வருகின்றன. எந்தக் காற்றிலே தோணி எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று அறிந்த மீனவன், மணம் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பதையும் எளிதில் விளங்கிக்கொள்வான்.

கிடக்கும் பொருளிலிருந்து புறப்படும் மணம், காற்றுச் செல்லும் திசையிலே, நுனி குறுகி அடி விரிந்த கூம்பு போலப் பரவுகிறது. நாய் காற்றுக்கு எதிர்முகமாக வளைந்து வளைந்து நடந்து, கூம்பின் விரிந்த வாயிலே புகுந்து, நுனியை நோக்கி நெருங்கும். உச்சி வெயிலிலே மணல் கொதிக்க, காற்று மேலெழுந்து மணத்தையும் தூக்கிச் செல்லும். வெப்பத்தால் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும் நாய்க்குச் செவ்வனே முகரவும் இயலாது. ஆதலால் குளிர்ந்த காலையும் மாலையுமே தேடலுக்கு உகந்தவை. நீரில் மூழ்கியோரின் மணமும் நீர்ப்பரப்புக்கு ஏறி வருவதால், தோணியிலே நாயை ஏற்றி வாவியிலும் ஆற்றிலும் தேடுவது உண்டு. அங்கே காற்றோடு நீரோட்டத்தையும் கணக்கிட வேண்டும்.

விளையாட்டே கல்வி

மோப்பப் பயிற்சி அடியாலும் அதட்டலாலும் நடப்பதன்று. விளையாட்டிலே தீராத ஆசையுள்ள நாயையே முதலில் தெரிந்தெடுப்பர். வரிசையாக வைத்த தகரப் பேணிகளுள் ஒன்றிலே மட்டும் குறித்த மணம் இருக்கும். நாய் அப்பேணியை முகர்ந்த அக்கணமே அதற்குரிய பந்து கிடைக்கும். கணம் தப்பினால் பாடம் தப்பும். பரிசு பிந்தினால் நாய் வேறு எதனையோ கற்றுக்கொள்ளும். பின்னர், மணத்தைக் கண்டதும் அவ்விடத்திலே அசையாது அமரக் கற்பிப்பர். கண்ணிவெடி தேடும் நாய் நிலத்தைப் பிறாண்டினால் அஃது அதன் கடைசிப் பாடமாகிவிடும் அல்லவா?

அதன் மேல் வருவதே அரிய கட்டம். சில பேணிகளிலே இறைச்சியின் மணம், சிலவற்றிலே பயிற்றுநரின் கைம்மணம். சில வரிசைகளிலே தேடும் மணமே இராது. இல்லாததை இல்லையென்று சொல்லிக் கடந்து போகவும் நாய் கற்றாக வேண்டும். உண்டு என்பதிலும் இல்லை என்பதைக் கற்பிப்பதே கடினம் என்பதை ஆசிரியர் எவரும் அறிவர்.

இலங்கையிலே பொலிஸ் மோப்ப நாய்ப் பிரிவு கண்டி அஸ்கிரியவிலே இயங்கி வருகிறது. போர் விட்டுச் சென்ற கண்ணிவெடிகளை அகற்றும் பணியிலே, அமெரிக்காவின் மார்ஷல் லெகசி நிறுவனம் அளித்த நாய்களை இலங்கை இராணுவம் பயன்படுத்தியது. வெடிமருந்தின் ஆவி மண்ணினூடே சிறிது சிறிதாகக் கசிந்து மேலே வருவதே இத்தேடலுக்கு அடிப்படை. நாய் அமர்ந்த இடத்தை மனிதன் மண்டியிட்டுச் சோதிப்பான். ஒரு நாய் கடந்த நிலத்தை வேறொரு நாயும் கடந்த பின்னரே நம்புவது இத்தொழிலின் வழக்கம். 2017ஆம் ஆண்டிலே மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அற்றதென அறிவிக்கப்பட்டது.

கயிற்றின் மறுமுனை

நாய் பொய் சொல்லாது என்பர். உண்மைதான், ஆனால் மனிதன் விரும்பியதைச் சொல்லும். 2011ஆம் ஆண்டிலே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வொன்று இதனைக் காட்டியது. நாயும் நடத்துநருமாகப் பதினெட்டு இணைகள் சோதிக்கப்பட்டன. தேடும் பொருள் எவ்விடத்திலும் வைக்கப்படவில்லை. ஆயினும் சில இடங்களிலே பொருள் இருப்பதாகவும், சிவப்புத் தாள் அதன் அடையாளம் என்றும் நடத்துநரிடம் கூறப்பட்டது. முடிவு என்ன? பெரும்பாலான தேடல்களிலே நாய் கண்டுபிடித்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது! கயிற்றின் மறுமுனையிலே நின்ற நம்பிக்கை நாயினிடம் இறங்கியதோ, நாயின் அசைவையே நடத்துநர் தாம் விரும்பியவாறு படித்தாரோ, எப்படியாயினும் பிழை மனிதனிடத்தே தொடங்கிற்று. அதனாலேதான் நல்ல பயிற்சியிலே, பொருள் எங்கே உள்ளது என்பதை நடத்துநரும் அறியாதபடி, உடன் நிற்பவரும் அறியாதபடி சோதனை வைக்கின்றனர்.

சந்தேகத்தின் பேரில் ஒருவன் வீட்டு வாசலிலே நாய் நிற்கும்போது இவ்வுண்மை மிகப் பெரிதாகிறது. நாயின் சைகை ஒரு குறிப்பு, தீர்ப்பு ஆகாது.

தேடப்படுவோர்

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியிலே மலை சரிந்து எழுபது பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழ்த் தேயிலைத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினரும் ஆவர். அங்கே குவி என்ற வீட்டு நாய், எந்தப் பயிற்சியும் பெறாதது, தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையைத் தேடி நாட்கணக்காக அலைந்தது. ஒரு வாரத்தின் பின் ஆற்றோரத்திலே அது நின்ற இடத்திலேதான் மீட்புப் பணியாளர் அக்குழந்தையின் உடலைக் கண்டனர். 2023 பெப்ரவரியிலே துருக்கிப் பூகம்பத்தின்போது இந்தியாவிலிருந்து சென்ற ரோமியோ, ஜூலி என்ற நாய்கள் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை இடிபாட்டினுள் உயிரோடு கண்டறிய உதவின.

இவை நாட்கணக்கிலான தேடல்கள். ஆண்டுக்கணக்கிலான தேடலும் உண்டு. குரோசியா நாட்டிலே வெலெபித் மலைச்சாரலில் உள்ள திர்விஷித்சா என்னுமிடத்திலே, மனித எச்சங்களை முகரப் பழகிய நாய்களைத் தொல்லியலார் அழைத்துச் சென்றனர். நாய்கள் காட்டிய இடங்களிலே ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முந்திய கல்லறைகள் வெளிப்பட்டன. 2019இலே இவ்வாய்வு வெளிவந்தது. இருபத்தேழு நூற்றாண்டுகளின் மழையும் வெயிலும் அழிக்காத மணம்!

இச்செய்தியை மட்டக்களப்பிலே இருந்து படிப்போர் நெஞ்சு வேறொன்றை நினையாதிருக்குமா? கல்குடாவிலிருந்து மட்டக்களப்பு நகருக்குச் செல்லும் வழியில் உள்ளது வந்தாறுமூலை. அங்கே பல்கலைக்கழக வளாகத்திலே அகதிகளாய்த் தங்கியிருந்தோருள் 158 பேர் 1990 செப்டம்பர் 5ஆம் நாள் கொண்டுசெல்லப்பட்டனர், மீளவில்லை. அதே ஆண்டு ஜூலையிலே குருக்கள்மடத்தருகே கடத்திக் கொல்லப்பட்ட முஸ்லிம்களின் உறவினரும் புதைகுழிக்கு விடை கேட்டு நிற்கின்றனர். தாயின் துயரத்துக்கு இனமில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை அமைத்தது. 2025இலே யாழ்ப்பாணத்துச் செம்மணியிலே அகழ்வு நடந்தபோது நிலத்தை ஊடுருவிப் பார்க்கும் ராடார்க் கருவியும் கொண்டுவரப்பட்டது.

அக்கருவியோடு பழகிய நாயின் மூக்கும் சேருமாயின், அகழ வேண்டிய இடம் குறுகும். நாய் இடத்தைத்தான் காட்டும். யார் என்பதை மருத்துவ அறிவும், எவ்வாறு என்பதை நீதிமன்றமுமே சொல்ல வேண்டும். ஆயினும் எங்கே என்ற முதல் வினாவுக்கு விடை கிடையாமல் மற்ற இரண்டும் தொடங்கா.

நாய் தன் பங்கைச் செய்யும். அதற்கு வேண்டுவது ஒரு பந்தும், அன்பான ஒரு சொல்லும். கயிற்றின் மறுமுனையிலே நிற்பவன், தான் விரும்பும் விடையை அதன்மேல் திணியாமல், அது காட்டும் இடத்துக்கு நடக்கத் துணிய வேண்டும். அத்துணிவைப் பெறும் பயிற்சி மனிதனுக்கே உரியது.