பேய்கள் பல் விளக்கிய கதை

நார்த்தாமலை ஏறி, விஜயாலய சோழீச்சரம் வாசல்ல உட்கார்ந்து பேசுறேன். காத்துச் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

ஏறும்போது காதுல ஓடினது ஒரு இங்கிலீஷ் ஆடியோபுக். கோப்ளின்னு சொல்ற குட்டிப் பிசாசுங்க, ஒண்ணுக்கும் உதவாத ஒரு வேலைக்குக் கூட்டமா கிளம்புற காமெடி. மேலே வந்து இந்தச் சோழர் காலக் கோயிலைப் பார்த்ததும்தான் உறைச்சுது: இதே மாதிரி ஒண்ணு சோழர் காலத்துலயே நம்மகிட்ட இருக்கே!

12ஆம் நூற்றாண்டுல செயங்கொண்டார் பாடின கலிங்கத்துப்பரணிதான் அது. முதலாம் குலோத்துங்கன், படைத்தலைவர் கருணாகரத் தொண்டைமான், கலிங்க வெற்றின்னு பரீட்சைக்குப் படிச்சிருப்போம். ஆனா அந்தப் போரைக் காளிகிட்ட சொல்றதே ஒரு பேய்தான்!

காளி கோயில்ல பேய்கள் பசியில கிடக்கும். இமயத்துல மாயவித்தை கத்துக்கிட்டு வந்த கிழப்பேய் ஒண்ணு, பிணமும் ரத்தமும் கண்ணுக்குத் தெரியுற மாதிரி வித்தை காட்டும். மத்த பேய்கள் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து அள்ளும். கையில ஒண்ணும் இருக்காது. போர் நடந்த பிறகு, நிஜமாவே கூழ் காய்ச்சக் களத்துக்குப் போகும். சாப்பிடுறதுக்கு முன்னாடி பல் விளக்கணும்ல? யானைத் தந்தம்தான் பல்குச்சி. யானையோட விலா எலும்பால நாக்கு வழிக்கணும்.

இங்கதான் சிரிப்பு தொண்டையில நிக்குது. அது செத்த யானை. கூழுக்குள்ள போறது செத்த வீரர்கள். செயங்கொண்டார் ராஜாவைப் புகழத்தான் பாடினார். ஆனா பேய்களோட வாய்வழியா கேட்கும்போது, ஒரு வெற்றியோட விலை என்னன்னும் காதுல விழுது.

பரணியில சந்தம் மாறிக்கிட்டே இருக்கும். மனசுக்குள்ள படிக்காதீங்க, சத்தமா வாசிங்க.