அண்ணாச்சி... தண்ணி வருதா?

தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, 'குத்தாலத்துல தண்ணி விழுதா?' என்று ஆட்டோக்காரரைக் கேளுங்கள். யாருக்கும் போன் போட மாட்டார். மேற்கே திரும்பி மலையைப் பார்ப்பார். 'முகட்டுல மேகம் கவிஞ்சிருக்குல்லா... விழும், ஏறுங்க அண்ணாச்சி!'

தூரத்தில் நின்றே தண்ணீரைக் கண்டுபிடிக்கிற வித்தை இது. சந்திரயான்-1 செய்ததும் இதைத்தான். கொஞ்சம் பெரிய அளவில்! 2008 அக்டோபரில் கிளம்பி, 100 கி.மீ. உயரத்தில் நிலாவைச் சுற்றியது. நிலாத் தரையில் பட்டுத் திரும்பும் சூரிய வெளிச்சத்தை அதிலிருந்த நாஸா கருவி அலசியது. ஈரம் இருந்தால் அகச்சிவப்பு ஒளியில் ஒரு பகுதியை அது விழுங்கிவிடும். அந்தக் குறையை வைத்தே, 2009 செப்டம்பரில் 'தண்ணீரின் அடையாளம் இருக்கு' என்று அறிவித்தார்கள். திட்ட இயக்குநர் நம்ம பொள்ளாச்சிப் பக்கத்து மயில்சாமி அண்ணாதுரை.

சரி, நிலாவில் கண்டாச்சு. பழைய குற்றாலத்தில்?

2024 மே 17. அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மீது திடீர் வெள்ளம். மழை கொட்டியது மேலே, மலைக்குள். கீழே நின்றவர்களுக்கு எப்படித் தெரியும்? அலறிக்கொண்டு ஓடினார்கள். பள்ளி மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான்.

'மழையைப் பார்க்கத்தான் ரேடார் இருக்கே?' என்பீர்கள். மலைக்கு அந்தப் பக்கம் தும்பாவில் இஸ்ரோவின் ரேடாரே இருக்கிறது. அது அனுப்பும் அலை மழைத்துளியில் மோதித் திரும்பும். பலமாகத் திரும்பினால் பலத்த மழை. ஆனால் குறுக்கே மலை நின்றால், அதன் மறைவில் தாழ்வாகப் பெய்வது சரியாகத் தெரியாது. தவிர, அது பார்ப்பது வானத்துத் தண்ணீரை. ஓடையில் உருண்டு வருகிற தண்ணீரை அல்ல.

அதற்கும் கருவி உண்டு. ஓடைக்கு மேலே, தண்ணீரைத் தொடாமல் தொங்கவிடுகிற குட்டி ரேடார். அலை போய்த் திரும்புகிற நேரத்தை அளந்து, மட்டம் ஏறினால் கீழே சைரனை அலறவிடலாம். ஒரு கணக்குப் போடுங்கள். வெள்ளம் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்தால், 2 கி.மீ. தாண்ட 11 நிமிஷம் ஆகும். எண்ணெய்த் தலையோடு குடும்பமே படியேறிவிடலாம்!

கருவி இல்லாத இடத்தில் கண்தான் ரேடார். தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் சேர்ந்து விழுந்தால், சோப்பை அங்கேயே போட்டுவிட்டு ஓடுங்கள்.

மெயின் அருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீஸ் விசில் அடித்து வெளியேற்றும். அப்போதும் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்:

'ஒரே நிமிஷம் சார்... தலையில சீயக்காய் இருக்கு!'